உடல் நிறை குறியீட்டெண்: அதை எப்படிப் படிப்பது?

மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்பே உங்கள் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. அவ்விரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஓர் எண் குறிக்கப்படுகிறது. அதுவே உடல் நிறை குறியீட்டெண், சுருக்கமாக பி.எம்.ஐ. மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையிலும் அது இடம்பெறுகிறது. அந்த எண்ணைக் கண்டு நோயாளிகளும் உடனிருந்து பராமரிப்போரும் சிலவேளை தேவையின்றி அஞ்சுகின்றனர். சிலவேளை தேவையின்றி நிம்மதியும் அடைகின்றனர். இரண்டுமே சிகிச்சைக்கு இடையூறாகலாம்.

ஆகவே இந்த எண் எவ்வாறு பெறப்படுகிறது, எதை உணர்த்துகிறது, எங்கே தவறான வழியைக் காட்டக்கூடும் என்பனவற்றை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே: குறியீட்டெண்ணைத் தனித்துப் படிக்கலாகாது. இடுப்புச் சுற்றளவு, எடை மாறிவரும் போக்கு, பரிசோதனை முடிவுகள் ஆகிய மூன்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அது பயன் தரும்.

கணக்கிடும் முறை

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடையை உயரத்தால் ஒருமுறை வகுத்து, கிடைத்த விடையை அதே உயரத்தால் மறுமுறையும் வகுத்தால் குறியீட்டெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவரைக் கருதுவோம். 64ஐ 1.6ஆல் வகுத்தால் 40. அந்த 40ஐ மீண்டும் 1.6ஆல் வகுத்தால் 25. அவருடைய குறியீட்டெண் 25 ஆகும். உயரம் அடி, அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தால் அதை முழுவதும் அங்குலமாக்கி 2.54ஆல் பெருக்குக. 5 அடி 3 அங்குலம் என்பது 63 அங்குலம். ஏறத்தாழ 160 செ.மீ.

அளவீட்டில் நேரும் சிறு பிழையும் விடையை மாற்றிவிடும். மேற்சொன்னவரின் உயரத்தை 157 செ.மீ. எனத் தவறாகக் குறித்தால் குறியீட்டெண் ஏறத்தாழ 26 ஆகிவிடும். ஆகையால் காலணியைக் கழற்றி, குதிகால்கள் சுவரைத் தொடுமாறு நிமிர்ந்து நின்று உயரத்தை அளக்க வேண்டும். வீட்டில் எடை பார்ப்போர் ஒரே எடைக்கருவியில், காலைக்கடன் முடித்தபின், உணவுக்கு முன், ஏறத்தாழ ஒரேவிதமான உடையில் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கு பிறந்த கதை

பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே 1830களில் மனித உடல் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று அவர் கண்டார். மக்கள்தொகையின் சராசரி மனிதனை வரையறுப்பதே அவர் நோக்கம். நோயாளி ஒருவரின் உடல்நிலையை மதிப்பிட அவர் இக்கணக்கை உருவாக்கவில்லை.

பின்னர் 1972ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ் தம் குழுவினருடன், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு பல சூத்திரங்களை ஒப்பிட்டார். உடற்கொழுப்பை மதிப்பிடுவதற்கு எளிய சூத்திரங்களுள் கெட்லேயின் கணக்கே ஏற்றது எனக் கண்டு, அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். எடைக்கருவியும் அளவுகோலும் இருந்தால் போதும், செலவில்லை, வலியில்லை என்பதால் உலகெங்கும் அது பரவியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இக்கணக்கு எடையை அறியும்; அந்த எடை தசையா, கொழுப்பா, எலும்பா, நீரா என்பதை அறியாது. கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்துள்ளது என்பதையும் அறியாது.

இரண்டு அட்டவணைகள் ஏன்?

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25 முதல் 29.9 வரை அதிக எடை. 30உம் அதற்கு மேலும் உடற்பருமன். ஆனால் ஆசிய மக்களிடம் இதைவிடக் குறைந்த எண்களிலேயே நீரிழிவும் இதயநோயும் மிகுதியாகத் தோன்றுவதை அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சுட்டிக்காட்டி, 23, 27.5 ஆகியவற்றையும் கவனத்துக்குரிய எல்லைகளாக முன்வைத்தது. இந்தியர்களுக்கெனப் பின்பற்றப்படும் அட்டவணை பின்வருமாறு:

18.5க்குக் கீழ்: எடைக்குறைவு
18.5 முதல் 22.9 வரை: இயல்பு
23 முதல் 24.9 வரை: அதிக எடை
25உம் அதற்கு மேலும்: உடற்பருமன்

கைப்பேசிச் செயலி ஒன்று 24 என்னும் எண்ணை ‘இயல்பு’ என்று காட்ட, மருத்துவர் ‘அதிக எடை’ என்று எழுதினால் குழப்பமடைய வேண்டாம். இருவரும் வெவ்வேறு அட்டவணையைப் பின்பற்றியிருக்கலாம். நம் மக்களுக்கு இரண்டாவது அட்டவணையே பொருத்தமானது. அதன்படி 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 47.5 கிலோ முதல் 58.5 கிலோ வரை இயல்பான எடையாகும்.

ஒரே எண், இருவேறு உடல்கள்

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை எளிதில் விளக்கும் ஒரு சான்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. புனே நகரைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யுட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. சிறப்பு ஊடுகதிர்க் கருவியால் அளந்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. எண்ணளவில் ஒன்றாகத் தோன்றிய இரு உடல்களில் ஒன்று மற்றதைவிட இரு மடங்குக்கு மேல் கொழுப்பைக் கொண்டிருந்தது.

இதன் வேர் கருவறை வரை செல்கிறது. புனே பகுதியில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வில், நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைந்தும் மெலிந்தும் இருந்தனர். ஆயினும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை.

தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றறையினுள் குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு தீங்கு மிக்கது. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படியும்போது இன்சுலின் சரிவரச் செயற்படுவதில்லை. இரத்தச் சர்க்கரை உயர்கிறது. இரத்தக் கொழுப்பின் சமநிலை கெடுகிறது. இரத்த அழுத்தமும் கூடுகிறது. கை கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடலில் இவை அனைத்தும் நிகழக்கூடும். “ஒல்லியான உடம்பு, அவருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?” என்று குடும்பத்தார் வியந்து கேட்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இடுப்பை அளந்து பாருங்கள்

எனவே குறியீட்டெண்ணுக்கு முதல் துணை இடுப்புச் சுற்றளவு. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பன எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அங்குலத்தில் இவை முறையே சுமார் 35½, 31½. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது நினைவில் நிறுத்தத்தக்க மற்றோர் எளிய விதி.

அளக்கத் தையற்கடையில் பயன்படும் இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்பின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். சேலைக் கொசுவம், வேட்டி மடிப்பு, பெல்ட் ஆகியவற்றை விலக்கிவிட்டு, கால்களைச் சேர்த்து நின்று, இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வதும் டேப்பை இறுக்குவதும் அளவைப் பொய்யாக்கும். பேண்ட்டின் அளவை இடுப்பளவாகக் கொள்ளலாகாது. பலர் அதைத் தொப்பைக்குக் கீழே அணிகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 170 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணின் குறியீட்டெண் 22.5. அட்டவணைப்படி இயல்பு. அவருடைய இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. எனில் அவர் நிம்மதியாக வீடு திரும்பலாகாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவருக்கு அவசியம். இத்தகையோர் சிலரே என்றும் எண்ண வேண்டாம். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் குறியீட்டெண்ணைக் கொண்டு கணித்தபோது உடற்பருமன் உடையோர் 28.6 விழுக்காடு, இடுப்பளவைக் கொண்டு கணித்தபோது வயிற்றுப் பருமன் உடையோர் 39.5 விழுக்காடு.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்றும் இதே திசையில் பரிந்துரைத்தது. குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு ஒருவருக்கு உடற்பருமன் நோய் உண்டென முடிவு செய்யாமல், இடுப்பளவு போன்ற மற்றோர் அளவாலும் அதை உறுதிசெய்ய வேண்டும். உறுப்புகளின் செயல்பாடு பாதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது.

எண் குறைவாக இருந்தால்

பருமனைப் பற்றிய பேச்சு மிகுந்துள்ள இக்காலத்தில், எடைக்குறைவின் தீங்கு மறக்கப்படுகிறது. 18.5க்குக் கீழே செல்லச் செல்ல நோயெதிர்ப்பாற்றலும் தசைவலிமையும் குன்றுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவது தாமதப்படுகிறது.

காசநோயில் இது உயிரோடு நேரடித் தொடர்புடையது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்டவுடனேயே குறியீட்டெண் பார்க்கப்படுகிறது. அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது 16 வரை இருந்து கால்வீக்கமும் இருந்தால், மிகக் கடுமையான ஊட்டக்குறைவு எனக் கொண்டு மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்னுரிமை தரப்படுகிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு, பால்மாவு முதலியன கொண்ட உணவுத் தொகுப்பு வழங்கப்பட்டது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. 40 கிலோ எடையுள்ள ஒரு நோயாளிக்கு 5 விழுக்காடு என்பது 2 கிலோ மட்டுமே. மாத்திரையைத் தவறாமல் தருவதைப் போலவே உணவைத் தவறாமல் தருவதும் சிகிச்சையின் பகுதி என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும்.

முதியோருக்கும் இது பொருந்தும். நீரிழிவு உள்ளது என்பதற்காக, மெலிந்த முதியவருக்குச் சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிட்டு, வேளைதோறும் கோதுமைக் கஞ்சி மட்டும் தரும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. சர்க்கரை அளவு குறைவதைக் கண்டு குடும்பம் மகிழும்போது, அவர் உடலில் தசை கரைந்துகொண்டிருக்கலாம். நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுதல், படியேற இயலாமை, அடிக்கடி விழுதல் ஆகியன அதன் அறிகுறிகள். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் போன்ற புரத உணவு அவருக்கு வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

எண்ணை நம்பலாகாத நிலைகள்

நீர்க்கோவை: இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோய்களால் உடலில் நீர் சேரும்போது எடை கூடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 160 செ.மீ. உயரமுள்ளவரிடம் 5 லிட்டர் நீர் சேர்ந்தால் குறியீட்டெண் ஏறத்தாழ 2 கூடிவிடும். மெலிந்துபோன நோயாளியும் அட்டவணையில் இயல்பாகத் தோன்றுவார். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

கருவுற்ற பெண்கள்: கருவுறுவதற்கு முன்பிருந்த குறியீட்டெண்ணே கணக்கில் கொள்ளப்படும். கருவுற்ற காலத்தில் எடையைக் குறைக்க முயலலாகாது.

குழந்தைகள்: பெரியவர்களின் அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்திலேயே பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 5 முதல் 18 வயது வரையிலானோருக்கு 2015இல் அத்தகைய வரைபடங்களை வெளியிட்டுள்ளது.

கூன் விழுந்த முதியோர்: உயரம் குறைவதால் எடை மாறாமலே குறியீட்டெண் கூடும்.

கடும் உடலுழைப்பாளரும் விளையாட்டு வீரரும்: தசையின் எடையால் எண் உயர்ந்திருக்கலாம். இடுப்பளவு இங்கே உண்மையைக் காட்டும்.

படுக்கையில் உள்ளோர்: நிற்க வைத்து அளக்க இயலாதபோது, மேற்கையின் நடுச் சுற்றளவை இஞ்ச் டேப்பால் அளக்கலாம். வளர்ந்தவர்களிடம் அது 23.5 செ.மீ.க்குக் குறைவாக இருப்பின் குறியீட்டெண் 20க்குக் கீழே இருக்கக்கூடும் என்று கொண்டு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒரு நாள் எண்ணைவிட ஓராண்டுப் போக்கு

எடை எத்திசையில் செல்கிறது என்பது பல வேளைகளில் எண்ணைவிட முக்கியமானது. முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் 5 விழுக்காடு குறைந்தால், அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோ இழந்தால், காரணத்தைக் கண்டறிய வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச்சுரப்பு, புற்றுநோய், மனச்சோர்வு ஆகியன அதன் பின்னே இருக்கலாம். பருமனாக இருந்தவர் இளைத்துவிட்டால் சுற்றத்தார் பாராட்டுவர், அவரும் மகிழ்வார். நாள் கடந்தபின் நோய் வெளிப்படும். முயலாமல் வந்த இளைப்பை ஒருபோதும் பாராட்டாகக் கொள்ளலாகாது.

எடை குறைய வேண்டியவர்களுக்கு

எடை மிகுந்தவர் அட்டவணையின் ‘இயல்பு’ எல்லைக்குள் வந்தால்தான் பயன் என்பதில்லை. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 விழுக்காடு எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரை கிலோவே.

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீர்படுத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களுள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதே இதில் கருதத்தக்கது. எடைக்கருவியின் முள் அசையவில்லையே என்று நடையைக் கைவிடுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். முள் அசையாதபோதும் உடலுக்குள் நன்மை நிகழ்ந்துகொண்டிருக்கலாம்.

பட்டினி கிடப்பதும், விளம்பரத்தில் கண்ட மருந்துகளை உட்கொள்வதும் வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்தின் அளவைப் பற்றி முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பருமனாக இருப்பவரைப் பிறர் முன்னிலையில் கேலி செய்வதாலும், ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுவதாலும் அவர் உடல் நலமடைவதில்லை. அவர் வெட்கி மறைவில் உண்ணவும், மருத்துவமனைக்கு வருவதையே தவிர்க்கவும் நேரும். ஒருவருக்கென்று தனிச் சமையல் செய்வதைவிட, வீட்டார் அனைவரும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்து, காய்கறியைக் கூட்டி உண்பதும், மாலையில் உடன் நடப்பதும் பெருந்துணையாகும்.

அடுத்த முறை வரும்போது

ஒரு சிறு குறிப்பேட்டில் மாதம் ஒருமுறை நாள், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். நீர்க்கோவை உள்ளவர்கள் எடையை நாள்தோறும் குறிக்க வேண்டும். அடுத்த சந்திப்பின்போது அக்குறிப்பேட்டை எடுத்து வந்து, மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: என் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ற எடை எது? என் எடை குறைய வேண்டுமா, கூட வேண்டுமா, அல்லது இப்படியே இருக்கலாமா? சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றுள் எனக்கு இன்னும் பார்க்கப்படாதது எது? சீட்டில் உள்ள எண்ணை உங்கள் உடலோடு பொருத்திப் படிக்க, இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே உதவும்.